முந்நூற்றுப் பதினேழு குப்பிகளும் ஒரு குதிரையும்

மாமனாருக்குக் கால் முறிந்த செய்தி வந்ததும் எனக்கு முதலில் வந்த கவலை அவருடைய காலைப் பற்றியதல்ல. பிஷ்கெக் நகரில் எங்கள் வீட்டில் இன்னொரு கட்டில் போட இடமிருப்பது கூடத்தில் மட்டும்தான். டிவி இருப்பதும் கூடத்தில். என் கேம் பெட்டி இருப்பதும் அந்த டிவிக்குக் கீழேதான். அவருடைய மலையூரான கொச்கோரிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கார் பூம் பள்ளத்தாக்கைத் தாண்டுவதற்குள் கன்ட்ரோலரை என் குளிர்காலச் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டேன்.

எனக்கு வயது முப்பத்தொன்பது. பெயர் பெர்மெட். ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். மாமனாரின் கால் எலும்பைப் படம் பிடித்ததும் நான்தான். நாற்பது வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவர், குளியலறைப் படியில் சோப்பு வழுக்கி விழுந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் குதிரை தள்ளிவிட்டது என்று சொன்னார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டே தலையாட்டினேன். பன்னிரண்டு வருடமாக அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததில்லை. எங்கள் பக்கத்தில் மருமகள் என்றால் அப்படித்தான். இந்தக் கதையிலும் அவர் பெயர் வராது.

அந்த கேமை நான் மூன்று வருடமாக ஆடிக்கொண்டிருந்தேன். கதை எளிமையானது. அரசனின் மகனை ஒரு சூனியக்காரி கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கிறாள், வீராங்கனையான நான் போய் மீட்க வேண்டும். அவசரம், ஒவ்வொரு நாளும் முக்கியம் என்று முதல் காட்சியிலேயே ஒரு கிழவர் அழுதுகொண்டே சொல்வார். அந்தக் காட்சி முடிந்ததும் நான் காளான் பறிக்கப் போனேன். மூன்று வருடமாகப் பறித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் எர்மெக் இதே கேமைப் பத்து நாளில் முடித்தவர். கேமில் என் வீராங்கனையின் மூட்டையைத் திறந்து பார்த்துவிட்டு ஒருமுறை கேட்டார், "பெர்மெட், இந்த உடைஞ்ச சட்டியெல்லாம் எதுக்கு?"

"இருக்கட்டும். எங்கேயாவது கேப்பாங்க."

"யாரு கேப்பாங்க?"

"யாராவது."

யாரும் கேட்கவில்லை. சுமை அளவுக்கு மேல் போனால் என் வீராங்கனையால் ஓட முடியாது, நத்தை மாதிரி நடப்பாள். ஒரு சட்டியைக் கீழே போட்டால் ஓடலாம். நான் போடமாட்டேன். பாலைவனம் முழுவதையும் நடந்தே கடந்திருக்கிறேன். கதவைத் திறக்குமுன் சேவ் செய்வேன். யாரிடமாவது பேசுமுன் சேவ் செய்வேன். ஒருமுறை சத்திரக்காரிக்குக் கொஞ்சம் வெடுக்கென்று பதில் சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்காமல் பழைய சேவுக்குப் போய் மரியாதையாக மறுபடி பேசினேன். வீட்டில் எர்மெக்கிடம் வெடுக்கென்று பேசியதற்கு நான் அவ்வளவு வருந்தியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கிறுக்கு, மருந்துக் குப்பிகள். காயத்தை ஆற்றுகிற பச்சைக் குப்பிகள் என்னிடம் முந்நூற்றுப் பதினேழு இருந்தன. ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. பின்னால் பெரிய சண்டை வரும், அப்போது தேவைப்படும் என்று வைத்திருந்தேன். கரடி கடித்து உயிர் ஒரு நூல் அளவுக்கு வந்தாலும் குடிக்காமல் செத்து, பழைய சேவிலிருந்து மறுபடி தொடங்குவேன்.

மாமனார் வந்து இரண்டு வாரம் ஆயிற்று. கை நமநமத்தது. ஒரு நாள் மதியம் வேலை முடிந்து வந்தபோது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கன்ட்ரோலரை எடுத்தேன். சத்தத்தை அணைத்தேன். தூங்குகிறவருக்குக்கூட முதுகு காட்டக் கூடாதே என்று கம்பளத்தில் ஒருக்களித்து, கழுத்தை மட்டும் டிவி பக்கம் திருப்பி உட்கார்ந்தேன். குதிரையில் ஏறி ஆற்றங்கரையோரம் விரட்டினேன். குறட்டை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"அந்தக் குதிரைய ஏம்மா இப்படி அடிச்சு ஓட்டுற?"

கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"மாமா, நான் சும்மா... டிவில என்ன வருதுன்னு..."

"அரை மணி நேரமா பாத்துட்டுதான் இருக்கேன். இதுவரைக்கும் அது ஒரு வாய் தண்ணி குடிக்கல. வேர்வையோட நிக்குது பாரு."

"இது பொம்மைக் குதிரை மாமா."

"பொம்மைக்கு ஏன் மூச்சு வாங்குது?"

உண்மையிலேயே மூச்சு வாங்கியது. மூன்று வருடமாக நான் அதைக் கவனித்ததில்லை. அவர் சொன்னபடி இறங்கினேன். குதிரையை மெதுவாக நடத்திக்கொண்டு போய், மூச்சு அடங்கிய பிறகு ஆற்றில் விட்டேன். அது தலையைத் தாழ்த்திக் குடித்தது. மாமனார் தலையணையை முதுகுக்கு இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேரு என்ன?"

"மூணு வருஷமாச்சு, பேரு வைக்கலை மாமா."

"மூணு வருஷமா ஏறிட்டுத் திரியுற, பேரு வைக்கலையா?" செம்பழுப்பு நிறத்தைப் பார்த்துவிட்டு அவரே அந்த நிறத்துக்கு எங்கள் மொழியில் உள்ள சொல்லான ஜேர்தே என்று பெயர் வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் மதியம் நாங்கள் இருவரும் கூடத்தில்தான். நான் ஆடினேன், அவர் திட்டினார். கழுத்தைத் திருப்பி ஆடுவதைப் பார்த்து மூன்றாம் நாளே, "முதுகக் காட்டியே உக்காரும்மா, நான் குதிரையத்தான பாக்குறேன்" என்றார். ஊர் ஊராகப் போய் என் வீராங்கனைக்குத் தொப்பி தேடிக்கொண்டிருந்தேன். இரும்புத் தலைக்கவசம் கையில் இருக்க, அது முகத்துக்கு எடுக்கவில்லை என்று இறகு வைத்த துணித் தொப்பியைத்தான் போடுவேன். அவருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஜேர்தேயின் சேணம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். தேநீர் ஆறிப்போகும். அதில் பிழிய நறுக்கி வைத்த எலுமிச்சை காய்ந்துபோகும். எர்மெக் வேலையிலிருந்து வந்து, நாங்கள் இருவரும் ஒரு குளம்பைப் பற்றி வாதாடுவதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய் முட்டை பொரித்துக்கொள்வார்.

ஐந்தாவது வாரம் அது நடந்தது. பனிக் கணவாய் ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தது. வழக்கம்போல சேவ் செய்துவிட்டு உள்ளே போனேன். பாதி வழியில் ஓநாய்க் கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒன்று ஜேர்தேயின் தொடையைக் கவ்வியது.

"மருந்து குடு!" மாமனார் கத்தினார். "அந்தப் பச்சைத் தண்ணி! குதிரைக்கும் குடுக்கலாம்னு நீதான சொன்ன!"

"குடுக்கலாம் மாமா, ஆனா..."

"ஆனா என்ன ஆனா? விழப்போகுது!"

விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. அழுத்தினால் முந்நூற்றுப் பதினாறு ஆகிவிடும். பெரிய சண்டை இன்னும் வரவில்லையே என்று என் மூளை கணக்குப் போட்டது. கணக்கு முடிவதற்குள் ஜேர்தே முன்னங்கால் மடங்கிப் பனியில் சரிந்தது. எழவில்லை.

எஞ்சிய ஓநாய்களை நான் எப்படியோ கொன்றேன். பிறகு அவர் மெல்லக் கேட்டார்.

"எத்தனை வச்சிருந்த?"

"முந்நூத்திப் பதினேழு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊசி மருந்தைப் பூட்டி வைத்துக்கொண்டு மாட்டைச் சாகவிட்ட யாரையோ வாழ்நாளில் ஒருமுறை அப்படிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"மாமா, கவலையே வேண்டாம்," என்றேன் அவசரமாக. "ரெண்டு நிமிஷம் முன்னாடி சேவ் பண்ணியிருக்கேன். இதோ, திரும்பிப் போனா உயிரோட நிக்கும்."

"தொடாதே."

"ஒரு பொத்தான்தான் மாமா."

"செத்தது செத்ததுதான். நாப்பது வருஷத்துல எனக்கு எத்தனை செத்துருக்கு தெரியுமா? ஒண்ணுக்காவது இந்தப் பொத்தான் இருந்துச்சா? எடுத்து வை அதை."

எடுத்து வைத்தேன். அந்த ஒரு பழைய சேவுக்குத் திரும்பிப் போகாமல் இருக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சத்திரக்காரியின் முகம் வாடியதற்கே திரும்பிப் போனவள் நான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாலை போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக் கொடுத்தேன், இரண்டுக்கு மேல் தொடவில்லை.

"ஒரு கேம் குதிரைக்கு இந்த வீட்டுல துக்கமா?" என்றார் எர்மெக்.

"நீ சும்மா இரு," என்றோம் நானும் மாமனாரும் ஒரே நேரத்தில்.

நான்கு நாள் டிவியையே போடவில்லை. ஐந்தாம் நாள் எங்கள் எக்ஸ்ரே கருவி பழுதாகிவிட்டது. பதினோரு மணிக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கதவைத் திறந்து உள்ளே வந்தபோது கூடத்தில் ஆற்றுச் சத்தம் கேட்டது.

மாமனார் கட்டுப் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி. கையில் என் கன்ட்ரோலர். டிவியில் பச்சைப் புல்வெளி. அதில் ஜேர்தே மேய்ந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் கன்ட்ரோலரைப் போர்வைக்குள் தள்ளினார். டிவியை என்ன செய்வதென்று தெரியாமல் தலையணையைத் தூக்கி அதற்கு நேராகப் பிடித்தார். ஜேர்தேயின் பின்பக்கமும் வாலும் தலையணைக்கு வெளியே தெரிந்தன.

"சீக்கிரம் வந்துட்டியே," என்றார்.

"மிஷின் ரிப்பேர் மாமா."

"ஓ."

"செத்தது செத்ததுதான்னு சொன்னீங்களே."

தலையணையைக் கீழே இறக்கினார். காது நுனி வரை சிவந்திருந்தது. "நீ தினமும் இருபது தடவை செய்யுறத பாத்துப் பாத்துப் பழகிப்போச்சு. முதல் நாள் தண்ணி மட்டும் காட்டிட்டு அணைச்சிடலாம்னுதான் போனேன்."

"முதல் நாளா? எத்தனை நாளா நடக்குது?"

"நாலு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த எண் கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமா! குப்பி இருநூத்தி அறுபத்தெட்டுதான் இருக்கு!"

"அங்க விடியுறப்பெல்லாம் ஒண்ணு, மேஞ்சதுக்கு அப்புறம் ஒண்ணு, ஓடிட்டு வந்தா ஒண்ணு. ஒரு மணி நேரத்துக்குள்ள ரெண்டு தடவை விடியுதும்மா."

"அடி எதுவும் படலையே!"

"சத்துக்குக் குடுத்தேன்."

நான் அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டேன். குதிரை உயிரோடு வந்ததில் மகிழ்ச்சியா, நாற்பத்தொன்பது குப்பி போனதில் துக்கமா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், இரண்டும் சரிபாதி. பழைய சேவுக்குப் போய்க் குப்பிகளைத் திரும்ப எடுத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவர் அதற்குள் ஜேர்தேயின் பிடரியைப் பின்னி, தெற்குப் புல்வெளியில் அதற்கென்று ஒரு கொட்டகையும் கட்டியிருந்தார். திரும்பிப் போனால் அவையும் போய்விடும்.

"எர்மெக்கிட்ட சொல்லாதேம்மா," என்றார்.

"சொல்லமாட்டேன். நீங்களும் சத்துக்குக் குடுக்கக் கூடாது."

"வாரத்துக்கு ஒண்ணு?"

"சரி, ஒண்ணு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கூடத்தில் இருந்தோம். நான் ஜேர்தேயில் ஏறிக் காளான் தேடிக்கொண்டிருந்தேன். வாங்கி வந்த, இறைச்சி வைத்த சம்சாவைத் தின்றுகொண்டிருந்த எர்மெக் திரையை உற்றுப் பார்த்தார்.

"அந்தக் குதிரை செத்துப்போச்சுல்ல?"

மாமனார் சம்சாவை மென்று விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்.

"அது செத்துருச்சு. இது அதோட தம்பி."

"அதே வெள்ளைக் காலு, அதே நெத்திச் சுட்டி?"

"ஒரே தாய்க்குப் பொறந்தது அப்படித்தான் இருக்கும். நான் டாக்டரா, நீ டாக்டரா?"

எர்மெக் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் காளானைப் பார்த்தேன். அவர் இன்னொரு சம்சாவை எடுத்துக்கொண்டு, "தம்பி நல்லா ஓடுறான்," என்றார்.

அதன் பிறகு கணவாய்ப் பக்கமே நாங்கள் போகவில்லை. கோபுரத்துக்குப் போக வேறு வழி கிடையாது. அரசகுமாரன் இன்னும் கொஞ்ச காலம் உள்ளேயே இருக்கட்டும் என்று பேசி முடிவு செய்தோம். மாமனாருக்கு அவன்மேல் ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் இல்லை. குதிரை ஏறத் தெரிந்தவன் பிடிபட்டிருக்கமாட்டான் என்பது அவர் கட்சி.

மார்ச் மாதம் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது, கடைசிப் படத்தையும் நானே எடுத்தேன். மறுநாள் கொச்கோருக்குக் கிளம்பினார். காரில் ஏறுமுன் எர்மெக்கைக் கட்டிக்கொண்டார். என் நெற்றியில் முத்தமிட்டார். என்னவோ சொல்ல வாயெடுத்து, மகன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, வெறுமே தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் நான் வேலையில் இருந்தபோது போன் வந்தது. மாமனார் போன் என்றால் எடுக்காமல் இருக்க முடியாது. தோள்வலிக்குப் படம் எடுக்க வந்த ஒரு டிராக்டர் ஓட்டுநர், சட்டையைக் கழற்றிவிட்டு எக்ஸ்ரே தட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா இருக்கியாம்மா? எர்மெக் நல்லா இருக்கானா? வேலையெல்லாம் எப்படி?" என்று வரிசையாக விசாரித்தார். பிறகு இருமினார். "அப்புறம்... அவன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான் மாமா. நேத்து மலையடிவாரத்துல மேய விட்டேன்."

"ஓநாய் இருக்கற பக்கமா?"

"இல்லை மாமா. தெற்குப் பக்கம்."

"சரி, சரி. குளம்பைப் பாரு." வைத்துவிட்டார்.

டிராக்டர்காரர் ஆவலோடு கேட்டார், "குதிரை வச்சிருக்கீங்களாக்கா?"

"ஒண்ணு இருக்கு," என்றேன். "மூச்ச இழுத்துப் பிடிச்சிட்டு அசையாம நில்லுங்க."