ஆறாத தண்ணீரில் அளந்த உப்பு

லிங்கசாமி முதலாளி திருட்டுப்பட்டம் கட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் கட்டுவார். "உப்பு எங்கீங்க போச்சு, சீனியம்மா?" என்று அவர் கேட்டபோது சாயப்பட்டறையே வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

துணியில் சாயம் ஏற வேண்டுமென்று தொட்டியில் உப்பு கொட்டுவதுதான் சீனியம்மாளின் வேலை. இன்றைக்கும் சொன்ன மூட்டை அத்தனையையும் கொட்டியிருந்தாள். வழக்கமாக அளவு பார்க்கும் டையிங் மாஸ்டர் ஆரோக்கியராஜ், மாதா கோயில் திருவிழாவுக்குத் தூத்துக்குடி போயிருந்தார். அதனால் முதலாளியே ஆவி பறக்கும் உப்புத் தண்ணீரை மொண்டு, நீளக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டார். உப்பு கூடுதலாக இருந்தால் அந்தக் கண்ணாடிக் குழல் உயர மிதக்கும், குறைந்தால் அமிழும். இன்று நன்றாகவே அமிழ்ந்துவிட்டது.

"மூட்டை மூட்டையாக் கொறையுதுங்களே. மீட்டர் பொய் சொல்லுமுங்களா?"

"காளியாத்தா சத்தியமா ஒரு கல்லு உப்புக்கூட எடுக்கல, மொதலாளி! கொண்டுபோயி நான் என்ன கருவாடா போடப் போறேன்?"

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "நாளையில இருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார்.

திருடி என்று பேர் பரவினால் திருப்பூரில் எந்தப் பட்டறை சேர்த்துக்கொள்ளும்? மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொந்த ஊரான கமுதிக்கே போக வேண்டியதுதான். அங்கே மட்டும் என்ன கொட்டியா கிடக்கிறது? அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தாலும் அவள் இடத்தைவிட்டு நகரவில்லை. காலிச் சாக்குகளைக் கொண்டுவந்து உதறிக் காட்டினாள். சாக்கு வெளியிலும் கிடைக்கும் என்றார் அவர். தொட்டியில் கொட்ட இன்னொரு மூட்டை எடுத்துவரவும் ஆள் அனுப்பினார். இவள் விடவில்லை, அவரும் விடவில்லை. வாக்குவாதம் நீண்டுகொண்டே போனது.

"வேணும்னா நீங்களே இன்னொருக்கா பாருங்க!" என்று ஜாடியைக் காட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். குழல் மேலே வந்திருந்தது.

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். அளவு கச்சிதமாக இருந்தது. "இதுல யாருங்க உப்புப் போட்டது?"

"நாம ரெண்டு பேரும் இங்கனயேதான நிக்கோம்!"

மாஸ்டருக்குப் போன் போட்டார். பேண்டு வாத்தியச் சத்தத்துக்கு நடுவே ஸ்பீக்கரில் ஆரோக்கியராஜ் அலறினார்: "சுடச்சுடவா பாத்தீக? அட ஆண்டவரே! சூட்டுல தண்ணி விரிஞ்சு லேசாயிரும், மீட்டரு அமுங்கத்தான் செய்யும். ஆறுனா கனமாயி மேல தூக்கும். எங்கூருக் கடலும் அப்படித்தான். உப்பு கூடுனாலும் கனம், குளுந்தாலும் கனம். நான் எப்பவும் ஆற வச்சுத்தான் பாப்பேன். இன்னும் உப்பக் கிப்பக் கொட்டிராதீக!"

"அந்த மூட்டையப் பிரிக்காதீங்க!" என்று முதலாளி கத்தினார். பிறகு இவள் பக்கம் திரும்பி, "தப்பா நெனச்சுப்போட்டனுங்க" என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

சீனியம்மாளா விடுவாள்? "களவாணின்னு எல்லாருக்கும் கேக்கச் சொன்னீகள்ல? இதையும் அதே சத்தத்துல சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சீனியம்மா எடுக்கலீங்க! எனக்குத்தான் அளக்கத் தெரியலீங்க!"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்து, புளிச்சோற்றை அள்ளி அள்ளித் தின்றாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை, அவ்வளவு பசி.