ஈட்டிக்குக் கேள்வி நின்றுபோனது

பிரதமரின் விமானத்தில் முதன்முறையாகப் போய்வந்த மறுநாள் காலை, குத்திக் குத்திக் கேட்டே ‘ஈட்டி’ என்று பேர் வாங்கிய அரசியல் நிருபருக்குக் கேள்வி வருவது நின்றுபோனது. மற்ற பேச்செல்லாம் தாராளமாக வந்தது. ஏன், எப்படி, யார் என்று ஆரம்பித்தால் மட்டும் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. “டீ இருக்கு” என்றார் மனைவியிடம்.

“இருக்கான்னு கேக்கறீங்களா, இருக்குன்னு சொல்றீங்களா?”

“கேக்கறேன்” என்றார் பாவமாக.

தொண்டை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். “பயப்படாதீங்க சார், தொண்டை சுத்தமா இருக்கு. அதே விமானத்துல வந்தவங்க இன்னும் நாலு பேர் வெளியில உக்காந்திருக்காங்க” என்று சொல்லி, இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார்.

ஈட்டி நடுங்கிப்போனார். மந்திரிகளின் தூக்கத்தைக் கெடுத்தே பிழைத்த வாய் அது. ஆனால் அடுத்த பேட்டியில் அவர், “நீங்க ரொம்ப உழைக்கிறீங்க” என்று மட்டும் சொல்ல, பிரதமர் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு மணி நேரம் பதில் சொன்னார். மறுவாரமே பத்திரிகை முதலாளி ஈட்டியை ஆசிரியராக்கினார். கார் வந்தது, கண்ணாடி அறை வந்தது, தோளில் கைபோட மந்திரிகள் வந்தார்கள். விலைவாசி ஏறியது. ஒரு தேர்தலில் வாக்காளர்களைவிட வாக்குகள் அதிகம் விழுந்தன. புது அணை உடைந்து ஊர்கள் மூழ்கின. ஈட்டி எல்லாவற்றையும் முற்றுப்புள்ளி வைத்து எழுதினார்.

அவருடைய மகளும் அதே பத்திரிகையில் நிருபர். அணையைக் கட்டியது யார், இடிந்தது ஏன் என்று அவள் எழுதிக் கொடுத்ததை அச்சேறவிடாமல் நிறுத்தியவர் அப்பாதான். அடுத்த நாள் அவள் பெட்டியோடு கூடத்தில் நின்றாள்.

“நீ போற” என்றார்.

“ஆமாப்பா.”

“வெளியில மழை பெய்யுது.”

அவள் பெட்டியின் கைப்பிடியை விடாமல் காத்திருந்தாள். “ஏன்னு ஒரு வார்த்தை கேளுப்பா. இங்கயே இருந்துடறேன்.”

அவருக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. கடைசியில், “பெட்டி கனமா இருக்கும்” என்றுதான் வந்தது. அவள் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

நேர்மையான இதழியலுக்கான தேசிய விருது அந்த வருடம் ஈட்டிக்கே கிடைத்தது.

வீட்டில் இப்போது எல்லாம் பழகிவிட்டது. காலையில் மனைவி அவர் எதிரே வந்து உட்கார்ந்து தானாகவே சொல்லிவிடுவாள்: “நல்லா தூங்கினேன். முட்டிவலி பரவாயில்ல. இல்ல, அவ நேத்தும் பேசல.”

ஈட்டி தலையாட்டிவிட்டுக் காரில் ஏறுவார்.