மாராக் கரையில் ஒரு ஹார்ன்

வரிக்குதிரைகள் மறுபடியும் தண்ணீர்வரை வந்து, மறுபடியும் திரும்பிப் போயின.

"இதுங்களுக்கு என்னதான் வேணுமாம்?" பின்சீட்டில் அலுத்துக்கொண்டார் கதோகோ. மனைவி வங்கேசியோடு நைரோபியிலிருந்து வந்தவர். மந்தை மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று காலையிலிருந்து பிடிவாதம்.

"முதலைக்குப் பயப்படுதுங்க ஐயா" என்றான் சஃபாரி முகாமின் ஓட்டுநர் கிசிலு. சீசன் தொடங்கியதிலிருந்து லீவு பார்க்காத உடம்பு. கண்ணில் மணலைக் கொட்டியது போல எரிந்தது. நாளை மகள் ம்வெண்டேயின் விடுதிப் பள்ளியில் பெற்றோர் வந்து பார்க்கும் நாள். சாயங்காலம் முகாமிலிருந்து கிளம்பும் லாரியைப் பிடித்தால்தான் பள்ளி இருக்கும் மச்சாகோஸ் ஊருக்குப் போய்ச் சேர முடியும். போன தடவை அவன் போகவில்லை. தோழி வீட்டார் விரித்த துணியின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த சப்பாத்தியைத் தின்றாளாம் ம்வெண்டே.

இதையெல்லாம் விருந்தாளிகளிடம் சொல்லக் கூடாது. வீட்டுக் கதை பேசினால் முகாமில் சீட்டுக் கிழிந்துவிடும்.

சுற்றிலும் வண்டிகள் எஞ்சினை அணைத்துப் புதர் மறைவில் நின்றன. முதல் குதிரை நீந்தத் தொடங்கும்வரை யாரும் சத்தம் போடக் கூடாது. ஓட்டுநர்களுக்குள் அது எழுதாத சட்டம்.

ஒரு தாய்க்குதிரை குட்டியை ஒட்டி நிறுத்திக்கொண்டு காலை நனைத்தது. கிசிலுவின் தலை தொங்கியது.

பாம்ம்ம்!

நெற்றி ஹார்னில் விழுந்திருந்தது. மந்தை புழுதி பறக்க மேடேறி ஓடியது.

வாக்கி டாக்கியில் பக்கத்து வண்டி நம்பாசோ கத்தினான். "யோவ் கிசிலு! கல்யாண ஊர்வலமா விடுற?"

"தூங்கிட்டேன்பா, மன்னிச்சிரு."

"தூங்கினியா, வேணும்னே அடிச்சியா?"

கிசிலுவுக்கே அது சரியாகத் தெரியவில்லை.

"போதும், முகாமுக்கு விடு" என்றார் கதோகோ, வெறுத்துப்போய்.

பாதி வழியில் மறுபடி நம்பாசோவின் குரல். கோபம் இருந்தாலும் தகவலை மறைக்கிறவன் இல்லை. "கிசிலு, இறங்கிடுச்சுங்க! சீக்கிரம் திரும்பி வா."

"திருப்புய்யா!" என்று துள்ளினார் கதோகோ.

கிசிலு வண்டியை ஆற்றுப் பக்கம் திருப்பினான். லாரி அவ்வளவுதான்.

கண்ணாடியில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த வங்கேசி, "ஏன்பா, உசிரு போன மாதிரி ஓட்டுற?" என்றாள்.

மறைக்கக்கூடத் தெம்பில்லை. சொல்லிவிட்டான்.

வங்கேசி விடுதிப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். "பெத்தவங்க வர்ற நாள்ல கேட்டையே பார்த்துட்டு நிக்கிற பிள்ளைங்களை நான்தான் சாப்பிட இழுத்துட்டுப் போவேன். காலையிலேயே சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ஆனா வங்கேசி, வரிக்குதிரை..."

"அதுங்க உங்களைத் தேடாது. நீ முகாமுக்கே விடு தம்பி."

வண்டி மறுபடி முகாம் பக்கம் திரும்பியது. கதோகோ முணுமுணுத்தபடி கூரைத் திறப்பில் தலையை நீட்டிப் பின்பக்கம் பார்த்து நின்றார்.

"ஏதாவது தெரியுதா?"

"புழுதிதான் தெரியுது."

"அதையே பாருங்க." வங்கேசி முன்னால் குனிந்து கிசிலுவின் தோளைத் தட்டினாள். "மறுபடி தூங்கிடாதே. பேசிக்கிட்டே ஓட்டு. பொண்ணு என்ன படிக்கிறா?"