வாசலில் தேங்கிய மலை

1
இந்தக் கதை பஸ் ஜன்னலில் கிடைத்தது. தூறலில் ஒருவன் குந்தி உட்கார்ந்து ஒரு வீட்டு வாசலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற பெண் அவனையே முறைத்துக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்துவிட்டது. மீதி என் கற்பனை.

2
"வேங்கிக்கால் ஏரியின் மேல் கருமேகங்கள்…" [வேண்டாம். மேகத்தில் தொடங்கினால் நானும் அழகு தேடி வந்தவன் ஆகிவிடுவேன்.]

மறுபடி: உண்ணாமலை வாசலில் ஏறிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஏறும் இடம் ஏரிக்குச் சொந்தம், வீட்டை இடிக்க வேண்டும் என்று பேச்சு. விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம், "எங்க வீட்டாண்ட தண்ணியே வராதுங்க" என்று சொல்லியிருந்தாள்.

(அதிலிருந்து மழை நாளில் அந்தத் தெருவில் யாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. பேசிவைத்துக்கொண்ட கட்டுப்பாடு.)

எதிரே ஒருவன், கேமராவுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டி உட்கார்ந்திருந்தான்.

"இன்னா எடுக்கறீங்க?"

"மலையத்தான்க்கா."

"மலை மேல இருக்குது. நீங்க கீழ எடுக்கறீங்க."

"தண்ணியில தெரியுது பாருங்க. தூறல் கம்மியானா இன்னும் நல்லா வரும்."

"எந்த ஆபீஸு?"

"ஆபீஸெல்லாம் இல்லக்கா. பேரு அஜிதன். பல் டாக்டரு."

"எங்க வாசலுக்குப் பல்லு வலியா?"

3
அஜிதனை நானும் முழுதாக நம்பவில்லை. "அவன் கண்களில் ஒரு" [இல்லை. அவள் பார்த்தது கேமராவை.]

"அழிச்சிடுங்க."

அழித்தான். திரையையும் திருப்பிக் காட்டினான். பிறகு அவனாகவே, "போனுக்கும் ஒரு காப்பி போயிருக்கும்க்கா" என்றான். [நேர்மையா, வாய் தவறியா? மூன்று முறை திருத்தியும் பிடிபடவில்லை.]

"அதையும் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

4
இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவன் போனை நீட்டுகிறான். மற்றதில் படம் பரிசு வாங்குகிறது, பத்திரிகையில் வருகிறது, இடிக்க ஆள் வருகிறது. இரண்டையும் அடித்துவிட்டேன். காரணம், உண்ணாமலை அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவரு எடுத்ததையாவது அழிக்கலாம். நீங்க எழுதிட்டீங்களே."

கதையிலிருந்து தெருவின் பெயரை எடுத்தேன். கதவின் நிறத்தை எடுத்தேன். தண்ணீரை எடுக்க முடியவில்லை; எடுத்தால் கதையே இல்லை.

இனி இதை அழிப்பது என் கையில் இல்லை. படித்துவிட்டீர்கள். அவள் உங்களைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள்.