மிச்சமில்லாத தட்டு

காலையிலேயே வடித்து இறக்கிய சோறு, பெரிய அண்டாவில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு ஆறிப்போய்க் கிடந்தது. மணி ஒன்றே கால். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகள் மடியில் வெறும் தட்டை வைத்துக்கொண்டு நான்கு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "வந்துட்டே இருக்காரு, வந்துட்டே இருக்காரு" என்று தலைமையாசிரியர் பதினோரு மணியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். சிறப்பு விருந்தினர் தவழ்ந்து வந்திருந்தால்கூட இந்நேரம் வந்து சேர்ந்திருக்கலாம். ஒரு பொடியன் பொறுக்கமாட்டாமல் தட்டில் தாளம் போட, விளையாட்டு வாத்தியார் ஊதலை வாயில் வைத்தபடியே அவனை முறைத்தார்.

அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற சமையல்காரம்மாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கரண்டியம்மா. ஒன்பது வருஷமாக அந்தச் சமையலறையில் வேகிறவள். இன்றைக்கு அவளைப் புதுச் சேலை கட்டிவரச் சொல்லியிருந்தார்கள். இருப்பதில் புதிதாக ஒன்றைக் கட்டி வந்திருந்தாள்.

விழா எதற்கென்றால், உணவை வீணாக்காத பள்ளி என்று இந்தப் பள்ளிக்கூடத்துக்கு விருது. கை கழுவும் இடத்தில் ஒரு வாளி வைத்து, பிள்ளைகள் மிச்சம் வைப்பதைத் தினமும் நிறுத்துப் பார்த்து எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவு. இங்கே மூன்று மாதமாக வாளி காலி. தான் காலையில் நடத்தும் ஒழுக்க வகுப்பின் பலன் அது என்று தலைமையாசிரியர் அறிக்கை எழுதினார். பன்னிரண்டு பக்கம். அதில் பசி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்று, தட்டச்சு செய்த டீச்சரே கரண்டியம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். நேற்று ராத்திரி உலை வைக்காத வீட்டுப் பிள்ளை சோற்றை வாளியில் ஏன் கொட்டப்போகிறது? இதைக் கண்டுபிடிக்க ஒரு கமிட்டி, கமிட்டிக்கு நான்கு கார்.

முதல் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள் பூனை. நடந்தால் சத்தம் கேட்காது என்பதால் அந்தப் பெயர். எட்டு வயது. தட்டில் சோறு விழுந்ததும் நடுவே விரலால் ஒரு கோடு கிழிப்பாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளுக்கு. அந்தப் பக்கத்தில் ஒரு பருக்கையைக்கூடத் தொடமாட்டாள். எல்லோரும் கை கழுவ எழுந்து ஓடும்போது அந்தப் பாதியைப் பையிலிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் சரித்துக்கொண்டு பின்வேலிக்குப் போவாள். வேலிக்கு வெளியே தம்பி நிற்பான். நான்கு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஐந்து ஆக வேண்டும். பசிக்கு அந்த விதி தெரியாது. அம்மாக்காரி விடியலில் சலவைக்கூடத்துக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். அதுவரை அவனுக்கு அந்த அரைத் தட்டுதான்.

இது கரண்டியம்மாவுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருக்கவும் தெரியும். இவளுக்கு முன்னால் இருந்த சமையல்காரி, வேலியோரம் நின்ற ஒரு குழந்தைக்கு ஒரு கரண்டி சோறு கொடுத்ததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். 'வெளியாளுக்கு உணவு வழங்கியமை' என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். அந்த வெளியாளுக்கு மூன்று வயது. அதனால் கரண்டியம்மா வேறு வழி வைத்திருந்தாள். பூனையின் தட்டில் மட்டும் ஒன்றரைக் கரண்டி போட்டு, கரண்டியின் முதுகால் ஓர் அழுத்து அழுத்திவிடுவாள். குவியல் அடங்கி, மற்றத் தட்டுகளைப் போலவே தெரியும்.

அவளை இன்றைக்கு முன்னால் உட்கார வைத்ததும் கரண்டியம்மாதான்.

"நான் பின்னாடியே உக்காந்துக்கறேன் அத்தை" என்று பூனை இழுத்தாள்.

"சொன்னா கேளுடி. பெரிய மனுஷங்க முதல் புள்ளைக்குத்தான் தன் கையால போடுவாங்க. அவங்களுக்கு அளவு தெரியாது, அள்ளிப் போடுவாங்க. போட்டோ எடுத்ததும் போயிடுவாங்க. அப்புறம் உன் பாடு, உன் டப்பா பாடு."

ஒன்பது வருஷத்தில் எத்தனை விருந்தினரைப் பார்த்திருப்பாள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

ஒன்றரை மணிக்குக் கார்கள் வந்தன. சிறப்பு விருந்தினர் இருபது நிமிஷம் பேசினார். தானும் ஒரு காலத்தில் பசித்துக் கிடந்தவன்தான் என்றார். அவருடைய வயிறு அதற்குச் சாட்சி சொல்ல மறுத்தது. பிறகு அண்டாவுக்கு வந்து, கரண்டியம்மா நினைத்தபடியே, பூனையின் தட்டில் அம்பாரமாகச் சோற்றைக் குவித்துப் பருப்பை ஊற்றினார். கேமரா மின்னியது. நடந்துவிட்டது என்று கரண்டியம்மா மூச்சு விட்டாள்.

விருந்தினர் போகவில்லை. "எனக்கும் ஒரு தட்டு கொண்டாங்க. இன்னிக்கு நான் குழந்தையோட சாப்பிடப்போறேன்!" என்று சம்மணம் போட முயன்றார். முடியாமல் ஒரு பெஞ்சுப்பலகை வந்தது.

பூனை சோற்றில் கோடு கிழித்தாள்.

"இது என்னம்மா கோடு? கணக்குப் பாடமா?" என்றார் அவர். ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். "இது மிச்சம் வைக்காத பள்ளிக்கூடமாச்சே! முழுசும் சாப்பிடணும், தெரியுதா?"

அவள் கோடுவரை சாப்பிட்டு நிறுத்தினாள். "வயிறு நெறைஞ்சிடுச்சு."

"யாரு கிட்ட கதை விடறே? உன் வயசுல நான் ரெண்டு தட்டு சாப்பிடுவேன்."

"ஐயா, அது மெதுவாத்தான் சாப்பிடும், நீங்க எழுந்திருங்க" என்று கரண்டியம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

"நீங்க அண்டாவப் பாருங்கம்மா" என்று பல்லைக் கடித்தார் தலைமையாசிரியர்.

விருந்தினர் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கவளம் உருட்டி அவள் வாயருகே கொண்டுபோனார். பூனை கரண்டியம்மாவைப் பார்த்தாள். அதட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இவ்வளவு அன்பாக ஊட்டுகிறவரிடம் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தாள். இரண்டாவது கவளத்தில் அவள் கண் நிறைந்து வழிந்தது.

"அப்படியே இருங்க சார்! கண்ணீர் நல்லா விழுது" என்றான் போட்டோக்காரன்.

"சந்தோஷத்துல அழுவுது சார்" என்றாள் ஒரு டீச்சர்.

கடைசிப் பருக்கைவரை ஊட்டிவிட்டுத்தான் அவர் எழுந்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. தன் தட்டில் அவர் இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தார்.

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் கமிட்டிக்காரர்கள் ருசி பார்த்தார்கள். டிரைவர்களும் ருசி பார்த்தார்கள். அண்டாவின் அடியை விளையாட்டு வாத்தியாரே சுரண்டிச் சாப்பிட்டு, வீணாகவில்லை என்று காட்டினார். தலைமையாசிரியர் கரண்டியம்மாவின் காதருகே குனிந்தார்.

"ஐயா தட்ட மட்டும் வெளியில தெரியாம பின்னால கொட்டிட்டு, கழுவிக் கொண்டாங்க. வாளியில கொட்டாதீங்க! எல்லாத் தட்டையும் அடுக்கி ஒரு போட்டோ எடுக்கணும்."

கரண்டியம்மா முந்தானையால் தட்டை மூடிக்கொண்டு சமையலறையின் பின்பக்கம் வந்தாள்.

பூனை வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். தினமும் டப்பாவைத் தள்ளிவிடும் வேலியடி இடைவெளியை, விழாவுக்காகச் செங்கல் வைத்து அடைத்து வெள்ளை அடித்திருந்தார்கள். கம்பிவலைக்கு அப்பால் தம்பி. அவன் அவளுடைய பையையோ கையையோ பார்க்கவில்லை. அவளுடைய கடைவாயில் ஒட்டியிருந்த பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சாப்ட்டியா?"

அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள். "இல்லடா."

அவன் தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை.

கரண்டியம்மா தட்டைத் திறந்தாள். எச்சில். அவள் கை ஒரு கணம் தயங்கியது. இந்த மனுஷர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் எத்தனை வருஷமாக ஊரே விழுங்கிக்கொண்டிருக்கிறது. சோறு அதைவிடச் சுத்தம்தான். வேலியோரம் குத்தவைத்து உட்கார்ந்தாள். வலையின் கண் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. தட்டு போகாது, கை போகாது. சோற்றைப் பிசைந்து கோலிக்குண்டு அளவு உருட்டி ஒரு கண்ணில் வைத்து, விரல்நுனியால் தள்ளினாள். பாதி உதிர்ந்தது. மீதிக்கு அவன் வாயை வலையோடு ஒட்டிவைத்தான்.

"சீக்கிரம் அத்தை" என்றாள் பூனை. திரும்பி நின்று, பாவாடையை இரு பக்கமும் விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டாள். அந்தச் சின்னப் பாவாடை யாரையும் மறைக்கவில்லை.

முன்பக்கத்தில் தட்டுகளை அடுக்கும் சத்தம் நின்றது.

"ஒரு தட்டு குறையுதே! சமையலம்மா எங்க?"

செருப்புச் சத்தம் தாழ்வாரம் தாண்டிச் சமையலறைக்குள் நுழைந்தது. கரண்டியம்மா அடுத்த உருண்டையை இன்னும் சிறிதாக உருட்டினாள். வலைக்கு அப்பால் தம்பி, நெற்றியில் கம்பியின் கட்டங்கள் பதிய, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருந்தான்.