தொழுவத்துத் துப்பாக்கி

"மெட்ராஸ்லேருந்து ஒரு தொரை வராராம். தோட்டாவ பூதக்கண்ணாடியில பாத்தே எந்தத் துப்பாக்கி சுட்டுச்சினு புட்டுப்புட்டு வெச்சிடுவாராம்" என்று ஊர் பேசியபோது குப்பம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

நெமிலிச்சேரி ஏரிக்கரையில் பண்ணைக்காரர் சம்பத்தின் பங்காளி லோகநாதன் பட்டப்பகலில் சுடப்பட்டுச் செத்துக் கிடந்தார். அதற்கு முந்தின வாரம்தான் அவர் குப்பம்மாவின் புருஷன் நாகப்பனை வரப்பில் போட்டு உதைத்திருந்தார். போலீசுக்கு அது போதாதா? நாகப்பனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

நாகப்பன் சம்பத்தின் பயிருக்கு இராக்காவல். துப்பாக்கி லைசென்ஸ் சம்பத்தின் பேரில், சுமப்பது நாகப்பன். சேரிக்காரன் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாதே! அதனால் விடிந்ததும் அதைப் பண்ணை மாட்டுத் தொழுவத்தில் மாட்டிவிட்டு வந்துவிடுவான். பகலெல்லாம் அது கேட்பாரற்றுத் தொங்கும்.

என் புருஷன் சுடவில்லை, ஆகவே அவன் துப்பாக்கியும் சுடவில்லை: குப்பம்மாவின் கணக்கு அவ்வளவுதான். அந்தப் பைத்தியக்காரி தொழுவத்திலிருந்து அதைத் தானே எடுத்துப்போய் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"இத்தயும் பாக்கச் சொல்லுங்க சாமி. எங்க ஊட்டுக்காரு மேல தப்பில்லேனு அதுவே சொல்லும்."

கோர்ட்டில் நிபுணர் வேறு சொன்னார். கரையில் கிடந்த காலித் தோட்டாவின் அடியில் துப்பாக்கியின் ஊசி குத்திய தடமும், இந்தத் துப்பாக்கியால் அவர் சுட்டுப் பார்த்த தோட்டாவின் தடமும் ஒன்றே. சுட்டது இதுதான், வேறெதுவுமில்லை.

"விசையை இழுத்தது யார்?" என்றார் நாகப்பனின் வக்கீல்.

"அது தெரியாது. துப்பாக்கியைச் சொல்லலாம், கையைச் சொல்ல முடியாது."

நல்ல மனிதர், தெரிந்ததைச் சொன்னார், தெரியாததையும் மறைக்கவில்லை. குப்பம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்துக் கூண்டேறியவர் சம்பத். "அவன் கை பட்ட சாமானை எங்க ஊட்டுல யாரும் தொடமாட்டோம். தீட்டு. எப்பவும் அவன்கிட்டதான் கீது. அவன் பொண்டாட்டிதானே கொண்டாந்து குடுத்தா? கேட்டுப் பாருங்க."

ஜட்ஜ் தலையசைத்தார். பூதக்கண்ணாடிக்குத் தெரியாத கையைத் தீட்டு காட்டிக் கொடுத்துவிட்டது.

"பொய்யி! இவரு புள்ள, சின்ன ஆண்டே, அத எடுத்துகினு போயி கொக்கு சுடுவாரே!" என்று அலறிய குப்பம்மாவைச் சேவகன் வெளியே தள்ளினான்.

அப்பீலும் தள்ளுபடியாயிற்று. நாகப்பனைத் தூக்கில் போட்டார்கள். கொடுமை, வேறென்ன சொல்ல?

நடவு சமயத்தில் சம்பத் ஜட்கா வண்டியிலிருந்து இறங்கினார். கோர்ட் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி தோளில் இருந்தது. அதில் படிந்த தூசியைத் தன் துண்டாலேயே துடைத்தார். சேற்றுக்காலோடு குப்பம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"தீட்டு போயிடுச்சா, ஆண்டே?"

சம்பத் அவளைச் சுற்றிக்கொண்டு, துப்பாக்கியோடு நேரே வீட்டுக்குள் போனார்.