பின் பம்பரில் ஒரு சத்தம்

காரைக்காலில் மலை கிடையாது. ஊரிலேயே உயரமான இடம் வேகத்தடைதான். அதில் தயிர்க்காரரின் மொபெட்டே அலுங்காமல் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட ஊரில்தான் வேளாண் துறை எழுத்தர் கலைவாணன், காடு மலை ஏறுகிறவர்கள் மாட்டுகிற பின் பம்பரைத் தன் பழைய ஜீப்புக்குத் தானே செய்துகொண்டிருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. மனைவி உமாமகேஸ்வரி அரசு மருத்துவமனை நர்ஸ். கேரளப் பக்கம் இருக்கும் மாஹேவுக்கு மாற்றல் வந்தபோது, "நீ முன்னால போ. ஜீப்ப ரெடி பண்ணிகிட்டு மலை வழியாவே வர்றேன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ரெடி பண்ணிக்கொண்டே இருக்கிறார். ரயிலில் போயிருக்கலாம். ஆனால் ரயிலில் போகிறவனுக்கு வெல்டிங் வேலை எதுவும் இல்லையே.

இந்த மாதத்தோடு உமாவின் மாஹே காலம் முடிகிறது. ஊருக்குத் திரும்புவதா, அங்கேயே நீட்டிப்பதா என்பது அவள் விருப்பம். வந்துவிடு என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை வாயில் வராததால், தலத்தெரு வீட்டு வாசலில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பைப்பை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

பம்பர் ஒருவழியாக முடிந்தது. அதன் வலது மூலையில் காயலான் கடையில் வாங்கிய, மினி லாரிச் சக்கரம் சுழலும் ஹப். ஹப்பில் ஓர் இரும்புக் கை, அந்தக் கையில் ஸ்டெப்னி டயர். வீட்டு கேட்டைப் போலக் கையை வெளியே திறந்தால்தான் ஜீப்பின் பின்கதவு திறக்கும். மூடினால் இடது பக்கம் கொண்டி விழும். நிற்கும்போது எல்லாம் ஒழுங்கு. ஓட்டினால்தான் கட கட கடவென்று சத்தம். ஹப்பா, கொண்டியா, டயரா? ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கீழவாஞ்சூர் சாலையில் லாரிகளுக்கு வெல்டிங் வைக்கும் மன்சூர் அலியிடம் போய் நின்றார்.

"நான் ஒக்காந்தா என் இடுப்பு சத்தம்தான் சார் மொதல்ல கேக்கும்" என்றார் மன்சூர் அலி. "அண்ணிய ஒக்கார வைங்க."

"அண்ணி மாஹேல இருக்காங்க பாய்."

"அப்ப போன் போட்டுக் கேக்கச் சொல்லுங்க!"

மன்சூர் அலி கிண்டலுக்குத்தான் சொன்னார். கலைவாணன் அதைத்தான் செய்தார்.

"பின்னாடி போனக் கட்டி வச்சிட்டு ஓட்டுறேன் உமா. சத்தம் எங்கேருந்து வருதுன்னு கேட்டுச் சொல்லு."

"நைட் டூட்டி முடிஞ்சி இப்பதாங்க படுத்தேன்..." என்றவள், ஒரு கொட்டாவிக்குப் பிறகு, "சரி, கட்டுங்க" என்றாள்.

பின்கதவின் உள்பக்கம் துண்டால் போனைக் கட்டிவிட்டு வரிச்சிக்குடி வயல் பாதையில் வண்டியை விட்டார். முதல் பள்ளத்திலேயே கட கட ஆரம்பித்தது. முன்னால் அறுவடை முடிந்த வயல், ஆள் இல்லை. பின்னால் உமா இருந்தாள். அவள் முகம் தெரியாதது பேச வசதியாக இருந்தது.

"கேக்குதா?" என்று கத்தினார். கொஞ்ச தூரம் போய், "வீட்டுல ஒரு ஆளுக்கு ரசம் வைக்கத் தெரியல எனக்கு. நாலு ஆளுக்கு ஆயிடுது" என்றார். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அந்த வார்த்தையே வெளியே வந்துவிட்டது. "வந்துரு உமா. இந்த பம்பர், டயர் எல்லாம் சும்மா. நீ வந்துரு."

வண்டியை ஓரங்கட்டிப் பின்னால் போய்ப் பார்த்தார். இணைப்பு அறுந்து போன் இருண்டு கிடந்தது. எடுப்பதற்குள் அடித்தது.

"ரயில்வே கேட்டு தண்டவாளத்துல தடதடன்னுச்சே, அதோட கட்டாயிட்டுங்க. அதுக்கப்பறம் ஏதாவது சொன்னீங்களா?"

"இல்ல... பள்ளம் பெருசா இருக்குன்னேன்."

மறுமுனையில் உமா எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து ஹெட் நர்ஸம்மா கேட்டாங்க. இன்னும் கொஞ்ச காலம் இருக்கேன்னுட்டேன். பழகிட்டுங்க இஞ்ச. கோவமா?"

கலைவாணன் டயர் மேல் கையை ஊன்றினார். "எனக்கென்ன கோவம்? மலையாளம் நல்லா வந்துருமே ஒனக்கு."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

ஊன்றியதும் டயர் லேசாக அசைந்தது. மறுபடி அழுத்தினார். கொண்டி. அரை விரல் இடைவெளியில் அது ஆடிக்கொண்டிருந்தது. பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டி வைத்தால் சத்தம் நின்றுவிடும்.

"சத்தம் எங்கேருந்துன்னு புடிபடலீங்க எனக்கு" என்றாள் உமா. "இன்னொரு தடவ ஓட்டுறீங்களா? தூங்காம கேக்குறேன்."

"ஓட்டுறேன்" என்றார். கொண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போனை முன்பைவிட இறுக்கமாகக் கட்டினார். வீட்டுப் பக்கம் திரும்பாமல், பள்ளம் அதிகமுள்ள சுற்றுப் பாதையில் வண்டியை மெதுவாக விட்டார்.